‘மேல் பக்கம்’ என்று எழுதியது நான்தான்

அருள்,

நீ ஓசூருக்குப் போய்ச் சேர்ந்து பதினோரு நாளாகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ரூமில் கொசு இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வதில்லை. உன் குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய உன் அம்மாவுக்கே இந்த நிலைமை என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீயே பார்த்துக்கொள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோற்றை வடித்து வைத்துவிட்டு, உன் பழைய டிப்ளமோ நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கப்பா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். "இன்னா, பரிச்சையா எழுதற?" என்று கிண்டல் வேறு. பரீட்சைதான் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத் டீச்சர் வீட்டுக் கூடத்தில் அந்த பீம் தலைகீழாக ஏறியதற்குக் காரணம் நான். உன்மேல் அந்தப் பழி விழுந்த நாளிலிருந்தே எனக்கு அது பாதி தெரியும். மீதிப் பாதி போன புதன்கிழமைதான் தெரிந்தது. அந்த மீதிப் பாதிதான் என்னை இந்தத் தாளின் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பீமைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். வல்லம் வடகாலில் மர வீடு செய்கிற இந்தக் கம்பெனி வந்த புதிதில் நான் மார்க்கிங் செக்‌ஷனில் சேர்ந்தபோது நீ சிரித்தாய். "மரத்துலயா வூடு? கரையான் துன்னாதா? மழ பேஞ்சா ஊறாதா?" என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாய். அடுத்த வருஷமே நீயும் அங்கே சேர்ந்து, சைட்டில் வீடு பூட்டுகிற டீமுக்குத் தலைவனாகி, நான் கேட்காமலே பாடம் நடத்த ஆரம்பித்தாய். ஒரு முழு மரத்தை அறுத்து உத்தரமாக வைத்தால் அது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். அதையே மெல்லிய பலகைகளாக அறுத்து, ஈரம் போக உலர்த்தி, கணுவும் பழுதும் பார்த்துத் தரம் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, பிரஸ்ஸில் கொடுத்து அழுத்தினால் ஒரே மரத்தைவிடக் கெட்டியான பீம் கிடைக்கும். பாரம் ஏறும்போது பீமின் அடிப்புறம்தான் இழுபடும். அதனால் கணு இல்லாத நல்ல பலகைகளை அடியில் வைப்பார்கள். கொஞ்சம் சுமாரானதை நடுவிலும் உச்சியிலும் வைப்பார்கள். இதையெல்லாம் நம் வீட்டுச் சமையலறையில், சப்பாத்திகளை அடுக்கி வைத்து அழுத்திக் காட்டி நீ சொன்னாய். உங்கப்பா அதைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு "பீம் நல்லாத்தான் கீது" என்றார்.

அப்படிப்பட்ட பீமை ஏற்றும்போது எந்த முகம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். பூச்சு கொடுத்து, கணுக்குழியை அடைத்து, பளபளவென்று வெளியே வந்துவிட்டால் அடி எது, உச்சி எது என்று யாராலும் சொல்ல முடியாது. போல்ட் துளையும் நட்டநடுவில்தான் இருக்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் சமர்த்தாகப் பொருந்திக்கொள்ளும். அதற்காகத்தான் ‘டாப்’ என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தும், ஓர் அம்புக்குறியும் உள்ள ஸ்டென்சில். அதை ஒவ்வொரு பீமின் உச்சி முகத்திலும் அடிப்பதுதான் என் வேலை. ஒரு வீட்டுக்குரிய தூண், பீம், சுவர்ப்பலகை, திருகாணி டப்பா எல்லாம் ஒரே லாரியில் ஏறிப் போகும். சைட்டில் இருப்பவர்கள் எழுதியிருப்பதை நம்பித்தான் பூட்ட வேண்டும். கிட் வீடு என்பதே அந்த நம்பிக்கையில் நிற்பதுதான் என்று நீ சொல்வாய். எனக்கும் அதில் ஒரு கர்வம் உண்டு.

அன்றைக்குக் காலையில் ஸ்டென்சிலில் பழைய பெயின்ட் காய்ந்து ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. தின்னரில் ஊறப் போட்டிருந்தேன். டீச்சர் வீட்டு கிட்டில் மற்ற பீம் எல்லாம் முதல்நாளே முடிந்துவிட்டது. கூடத்துக்குப் போகிற நீள பீம் ஒன்றுதான் பாக்கி. லாரி டிரைவர் ஒரகடம் சிக்னலில் மாட்டிக்கொள்வேன் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெரிய மார்க்கர் பேனாவை எடுத்து, உச்சி முகத்தில் ஒரு முனையை ஒட்டி ‘மேல் பக்கம்’ என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து எனக்கு எழுதத் தெரியாதா? தெரியும். ஓர் அம்பு போடத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் கை தமிழில் ஓடிவிட்டது. அனுப்பும் ஷீட்டில் ‘ஸ்டென்சில் அடித்தாயிற்று’ என்ற கட்டத்தில் மற்றதோடு சேர்த்து இதற்கும் டிக் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்தும் போனேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வீடு எழுந்து மூன்று மாதத்தில் கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருக்கிற தள்ளுகதவு சிக்க ஆரம்பித்தது. டீச்சர் முதலில் கதவைத்தான் திட்டினாராம். நம் இன்ஜினியர் போய் நூல் பிடித்துப் பார்த்தால் பீம் தொய்ந்திருக்கிறது. அடிப்பலகையில் ஒரு கணுவை ஒட்டி மயிரிழையாய் விரிசல். நல்ல பலகையெல்லாம் உச்சியில் சும்மா உட்கார்ந்திருக்க, சுமாரான பலகை அடியில் கிடந்து இழுபட்டிருக்கிறது. முட்டுக் கொடுத்து வேறு பீம் மாற்றினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்தக் கூடத்தில்தான் டீச்சர் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம்.

விசாரணை டிரெயினிங் ஹாலில் நடந்தது. இருபத்தைந்து பேர் இருந்தார்கள். பீமை இழைத்துப் பாலிஷ் போட்ட ஆட்கள், கீழே தெரிகிற முகத்தில் இருந்ததையெல்லாம் மிஷின் வைத்துத் தேய்த்துவிட்டிருந்தார்கள். அதில் என்ன இருந்தது என்று காட்ட ஒன்றுமில்லை. இன்சார்ஜ் சார் என்னைப் பார்த்து, "நீங்க ஸ்டென்சில் அடிச்சீங்களாம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "அடிச்சேன் சார்" என்றேன். இரண்டு வார்த்தை. நீ எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்து, "அப்போ நீ பாக்கலையா?" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "மிஸ் பண்ணிட்டேன் சார்" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமா? கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிட அசிங்கமான காரணம் ஒன்று உண்டு. ‘மார்க்கிங் அம்மா கைப்பட்டா தப்பே வராது’ என்று அந்த ஹாலில் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பேரை இழக்க எனக்கு மனசு வரவில்லை. நீ சின்னப் பையன், ஒரு திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் பெற்ற பிள்ளையைவிட என் பேர் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். நீ அறிந்த அம்மாதானே நான். பால் பொங்கி வழிந்தாலும் ‘நீங்க கூப்புட்டதாலதான்’ என்று உங்கப்பாமேல் போடுகிறவள். நீ ஆறாவது படிக்கும்போது டிஃபன் பாக்ஸ் மூடியை நான்தான் பஸ்ஸில் தொலைத்தேன். நீ தொலைத்ததாகச் சொல்லி முதுகில் இரண்டு வைத்தேன். நீ அழுதுகொண்டே "இல்லம்மா, இல்லம்மா" என்றாய். மறுநாள் கண்டக்டர் மூடியைக் கொடுத்தபோதும் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டேன். சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயத்தில் பழகின கைதான் பெரிய விஷயத்திலும் அதையே செய்கிறது.

ஒரு திட்டோடு போகவில்லை. சைட் டீமை உன்னிடமிருந்து எடுத்து, உன்னை யார்டில் பலகை அடுக்கப் போட்டார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் அடுக்கினாய். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டுக்குப் போனாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஓசூரில் இரும்பு ஷெட் போடுகிற கம்பெனி என்றாய், பெட்டியைக் கட்டினாய். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நீ ரயிலேறும்போது உங்கப்பா, "இரும்பும் நல்ல வேலதான்டா" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "இரும்பு சத்தம் போட்டுகினே கீதுப்பா. மரம்னா கம்முனு நிக்கும்" என்றாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ரயில் போன பிறகு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். உங்கப்பாவும் நம்பினதாகக் காட்டிக்கொண்டார்.

இப்போது அந்த மீதிப் பாதி. புதன்கிழமை உன் டீமில் இருந்த ஒடிசாப் பையன் பிரபாத் லோடு ஏற்ற வந்திருந்தான். கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். பேச்சுவாக்கில், "அருள் அண்ணா மிஸ் பண்ணலை மா. பீம் பாத்தான், படிச்சான். மேல் பக்கம் எழுதிருக்கு, வெஸ்ட்டு, இந்த முனை வெஸ்ட்டு திருப்பு சொன்னான். நாங்க திருப்பினோம். எழுத்து அடில போச்சு" என்றான். தட்டைத் தள்ளி வைத்தேன். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் சிரிச்சான். அம்மா கையெழுத்துனு சொன்னான்" என்றான்.

மேல் பக்கம். நம் வீட்டில் மேல் பக்கம் என்றால் வேறென்ன அர்த்தம், சொல்? தலைக்கு உயரே இருப்பதை ‘மேலே’ என்போம். மேல் பக்கம் என்றால் மேற்கு. ‘மேல் பக்கத்து வூட்டுல கறிவேப்பிலை வாங்கியா’, ‘மேல் பக்கத்துக் கதவைச் சாத்து, சாரல் அடிக்குது’, ‘கீழண்ட போவாத, மேலண்ட போ’ என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தது நான். நீ நாலு வயதில் கோயில் வாசலில் நின்று கிழக்கு எது மேற்கு எது என்று குழம்பியபோது, உன் தோளைப் பிடித்துத் திருப்பி, ‘இது கீழ்ப் பக்கம், இது மேல் பக்கம்’ என்று மனப்பாடம் செய்ய வைத்ததும் நான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் யாருக்கும் வந்திருக்காது. தமிழ் படிக்கத் தெரியாத பிரபாத் தனியாக இருந்திருந்தால்கூட, முத்திரை இல்லையே என்று போன் போட்டிருப்பான். நான் வளர்த்த பிள்ளை நான் எழுதியதைப் படித்ததால், நான் சொல்லிக்கொடுத்த அர்த்தத்திலேயே படித்ததால், அது தப்பாகப் போயிற்று.

முத்திரை இல்லாத பீமை நீ ஏன் சந்தேகப்படவில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். எல்லா அடுக்கும் ஒரே தரமாக ஒட்டுகிற பீம்களும் வரும். அதற்கு உச்சி அடி என்று பேதமில்லை, முத்திரையும் கிடையாது. இதுவும் அப்படி ஒன்று, எந்த முனை எந்தத் திசைக்கு என்று மட்டும் அம்மா குறித்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தக் கொஞ்சம் உன் பங்கு. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அம்மா கையெழுத்து இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அப்படியென்றால் அந்த ஹாலில் நான் "அடிச்சேன் சார்" என்றபோது நான் பொய் சொல்கிறேன் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்காகப் பழியை எடுத்துக்கொண்டாய். பஸ்ஸில் பின் சீட்டுக்குப் போனது களைப்பால் அல்ல. இத்தனை நாளும் நான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நீயோ எல்லாம் தெரிந்து, தினமும் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய்.

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று நினைக்காதே. உருகினேன், அப்புறம் கோபம் வந்தது. கன்னத்தில் ஓர் அறை விடலாம் போலக் கோபம். ஏன்டா வாயை மூடிக்கொண்டாய்? அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாய். யாரைக் காப்பாற்றினாய்? என் செக்‌ஷனில் இன்றைக்கும் ஸ்டென்சில் அடைத்துக்கொண்டால் மார்க்கரில் எழுதுகிற பழக்கம் நிற்கவில்லை. ஏன் நடந்தது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் எதையும் மாற்றவில்லை. பையன் கவனிக்கவில்லை என்று ஃபைலை மூடிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் இன்னொரு பீம் இதே மாதிரி ஏறினால், அதன் அடியில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னால்? நீ விட்டுக்கொடுத்ததும் நான் பொய் சொன்னதும் சேர்ந்துதான் அந்த ஃபைலை மூடியது. இனிமேல் யாருக்காகவும், பெற்றவளுக்காகவும், நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாதே. பாசம் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. எனக்கு முட்டிவலித் தைலம் வாங்கிக் கொடு, போதும். நாளைக்கு உனக்கும் கல்யாணமாகும், ஒருத்தி வருவாள். அவள் தப்பு செய்தால் கூட நில். அவள் தப்பை நீ தூக்கிக்கொண்டு ஓடாதே. ஓடினால் அவளுக்கு அதை இறக்கி வைக்க இடமே இருக்காது. என் நிலைமை இப்போது அதுதான்.

வெள்ளிக்கிழமை இன்சார்ஜ் சாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார். கடைசியில், "பழைய கதைம்மா. நான் ஃபைல்ல ஒரு வரி போட்டுடறேன், அருள் பேரு கிளியர் ஆயிடும். நீங்க எதுக்கு எல்லார் எதுருலயும் அவமானப்படணும்?" என்றார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உன்மேல் பழி விழுந்தது ஃபைலில் இல்லை, இருபத்தைந்து பேர் முன்னால். "அவனுக்கு எழுதற லெட்டரை செவ்வாக்கெழம காலைல ஷிஃப்ட் மீட்டிங்ல நானே படிச்சுடறேன் சார்" என்றேன். உங்கப்பாவிடம் இப்போது அதைச் சொன்னதும் உரித்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு, "படி. வானமா இடிஞ்சு வுயுந்துடும்? நான் அன்னிக்கு பஸ் டூட்டிய மாத்திகினு வந்து வாசல்ல நிக்கறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். இதுவரை எழுதியதை இன்று காலை வாசித்துவிட்டேன். இனி வருவது உனக்கு மட்டும்.

டிஃபன் பாக்ஸ் மூடி வருகிற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். பிரபாத் பின்னால் நின்றிருந்தான். பாதி புரியாவிட்டாலும் தலையைத் தலையை ஆட்டினான். உங்கப்பா கேட்டுக்கு வெளியே நின்று செக்யூரிட்டியிடம் வழவழவென்று பேசிக்கொண்டிருந்தாராம், உள்ளே காது கொடுக்கப் பயந்துகொண்டு. கையால் எழுதுவதை இன்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஸ்டென்சில் அடைத்தால் லாரி நிற்கும். என்னை மார்க்கிங்கிலிருந்து எடுத்து திருகாணி பேக் செய்கிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சரிதான். உன் இடத்துக்குத் திரும்ப வரச்சொல்லி இன்சார்ஜ் சார் உனக்குப் போன் செய்வார். வருவதும் வராததும் உன் இஷ்டம். அம்மா சொன்னாள் என்பதற்காக வராதே.

வாசித்து முடித்துத் தாள்களை மடித்தேன். கிரேன் ஓட்டுகிற தங்கராசு அண்ணன்தான் கேட்டார்: "அப்போ நம்ம பையன் கரெக்டாத்தான் படிச்சிகிறானா?"

"ஆமாண்ணே. அவன் சரியாத்தான் படிச்சான். நான்தான் தப்பா எழுதினேன்."

நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. நீ இல்லாத ஹாலில் சொன்னேன். அதனால் உனக்கும் ஒரு முறை எழுதுகிறேன். நீ சரியாகத்தான் படித்தாய், அருள்.

அம்மா